டாக்டர் சொன்ன மூன்றாவது விஷயம்

அந்த மூன்றாவது விஷயத்தையும் சொல்லியிருந்தால் என் மாமனார் கையெழுத்துப் போட்டிருப்பாரா?

எட்டு மாதமாக இதற்குப் பதில் தேடுகிறேன். ஒரு நாள், போட்டிருப்பார், உயிர்தானே முக்கியம் என்று தோன்றும். மறுநாள் காலையில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, ஒருவேளை வேறு வழியைக் கேட்டிருப்பாரோ என்று தோன்றும். அவரிடமே கேட்டால் தெரிந்துவிடும். கேட்க முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. மாமாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் அவரும் அத்தையும்தான் உப்பு வாருகிறார்கள். என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். எங்கள் மகளுக்கு இப்போது இரண்டு வயது.

நான் செய்த தவறு புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நான்கு வருடத்தில் நான் மாமாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபதாபம் எதுவும் கிடையாது. மருமகள் மாமனாரிடம் நேரில் பேசுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அவர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் அத்தையிடம், "மாமா சாப்புட வர்றாரான்னு கேளுங்க அத்தை" என்பேன். அவர் காதில் விழும். அவரும் அத்தையைப் பார்த்து, "இப்ப வேணாம்னு சொல்லு" என்பார். பாசத்துக்கும் இதே வழிதான். பஜாரிலிருந்து முறுக்கு வாங்கி வந்து "புள்ளைக்கு" என்று வைத்துவிட்டுப் போவார். என் மகளுக்கு அப்போது பல்லே முளைக்கவில்லை.

சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பது ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. எனக்கு அது தெரியாது. உப்பளத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் தூரத்து வரப்புக்குப் போவார்கள். மாமா போனால் திரும்பி வர வெகு நேரம் ஆகுமாம். கூட வேலை செய்கிறவர்கள், "வரப்பு கரைஞ்சிடப் போவுது, வாய்யா" என்று கிண்டல் செய்வார்களாம். அவரும் சிரித்திருக்கிறார். உப்பு நீரில் நின்று வேலை செய்கிற எல்லோருக்கும் நீர்க்கடுப்பு வரும் என்பதால் யாரும் அதை வியாதியாக நினைக்கவில்லை. இளநீர், பார்லி கஞ்சி, சீரகத் தண்ணீர் என்று அத்தை கொடுத்துக்கொண்டே இருந்தார். பார்லி வாங்கி வந்தது நான். அந்த மாதங்களில் ஒரு தடவையாவது ஏன் இவ்வளவு பார்லி என்று யோசித்தேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஒருநாள் சிறுநீரோடு இரத்தம் வந்ததும்தான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, முடிவைப் பார்த்ததும் புதுச்சேரிக்குப் போகச் சொன்னார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்பது அதுதான். விந்து நீரில் ஒரு பங்கு அங்கே உண்டாகிறது. வயதானால் அது வீங்குவது சாதாரணம்; எல்லா வீக்கமும் புற்றுநோய் இல்லை. அந்தச் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவுதான் பி.எஸ்.ஏ. மாமாவுக்கு அது இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது.

புதுச்சேரி மருத்துவமனையின் காத்திருக்கும் கூடத்தை நான் மறக்க மாட்டேன். மகளை வானூரில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். அவள் பால் குடிக்கும் நேரம் வந்தால் எனக்கு மார்பு கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனையும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டோக்கன் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் ஸ்கேன். அடுத்த வாரம் சதை எடுத்துப் பார்க்கும் சோதனை. ஆசனவாய் வழியாக ஊசி விட்டுப் பன்னிரண்டு இடத்தில் துளித்துளியாகச் சதை எடுத்தார்கள். வெளியே வந்த மாமா நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை கைகொடுக்கப் போனபோது, "எல்லாரும் பாக்குறாங்க" என்று தட்டிவிட்டார். பஸ்ஸில் வரும்போது அத்தை தன் புடவை முந்தானையை மடித்து அவர் சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார வைத்தார். வீடு வரும்வரை அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய்தான். எலும்புக்குப் பரவவில்லை, சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது என்றார்கள். முதல் வார்த்தையைக் கேட்டதும் என் காது அடைத்துவிட்டது. இரண்டாவதை டாக்டர் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அந்த டாக்டர் வடக்கத்திக்காரர், இளம் வயது. "வலிக்குதா", "சாப்டீங்களா" போன்ற பத்து வார்த்தைகள்தான் அவருக்குத் தமிழில் தெரியும். நல்ல மனிதர். அவசரப்படாமல், ஒரு தாளில் படம் வரைந்து எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். இரண்டு வழி இருக்கிறது. சுரப்பியை அறுவை செய்து எடுத்துவிடலாம். அல்லது கதிர்வீச்சும் ஊசியும் கொடுக்கலாம். மாமா இருக்கும் நிலையில் இரண்டிலும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான், பின்விளைவுகள்தான் வேறு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பிறகு அறுவை சிகிச்சையின் பின்விளைவுகளை விரல் விட்டுச் சொன்னார். ஒன்று, இரத்தப்போக்கு, கிருமித் தொற்று. இரண்டு, சில மாதங்களுக்குச் சிறுநீர் கசியும். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை. சுரப்பியின் இரு பக்கமும் முடி போல நரம்புகள் ஓடுகின்றன. ஆணின் விறைப்புக்கு அவைதான் காரணம். ஒரு பக்கத்தையாவது காப்பாற்றப் பார்ப்பேன், ஆனால் உறுதி சொல்ல முடியாது. திரும்பி வர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். விந்து இனி வராது, ஆனால் இன்ப உணர்ச்சி போய்விடாது. மாத்திரைகள் இருக்கின்றன, வேறு கருவிகளும் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம், மூன்றாம் மாதத்திலேயே இதைப் பற்றிப் பேசுவோம் என்றார். கதிர்வீச்சிலும் இந்தக் குறை வரலாம், ஆனால் மெதுவாக வரும் என்றார்.

ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதை என் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்.

மாமாவும் அத்தையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இன்னும் இருபது பேர். நான் நின்றுகொண்டு, வழக்கம்போல அத்தையைப் பார்த்து, மாமா காதில் விழும்படி சொல்ல ஆரம்பித்தேன். முதல் விஷயத்தைச் சொன்னேன். சிறுநீர் கசியும் என்பதைச் சொல்லும்போதே மாமா தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது வந்ததும் நிறுத்திவிட்டேன். அதைச் சொல்ல எனக்குத் தமிழில் வார்த்தையே இல்லை. எனக்குத் தெரிந்தவற்றில் பாதி தெருச் சண்டையில் கேட்டவை. மீதி, திண்டிவனம் பேருந்து நிலையச் சுவரில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டுகிற நோட்டீஸில் இருப்பவை. அந்தச் சுவர் பக்கம் பார்க்காமல் நடக்கச் சொல்லித்தான் என் அம்மா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்த வார்த்தைகளில் எதை எடுத்து இந்த மனிதருக்கு முன் வைப்பது?

கணவருக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவ்ளோதானாம்மா?" என்று கேட்டார் அத்தை.

"அவ்ளோதான் அத்தை. கொஞ்ச நாளைக்கு அசதி இருக்குமாம்."

"கேன்சர எடுத்துடுவாங்கல்ல?"

"எடுத்துடுவாங்க."

மாமா பேனாவை வாங்கி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். கதிர்வீச்சைப் பற்றி ஒரு வரி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே போனதும் டாக்டர், எல்லாவற்றையும் விளக்கினீர்களா என்று கேட்டார். "விளக்கிவிட்டேன் சார்" என்றேன். அவர் என்னை நம்பினார்.

அறுவை சிகிச்சை ஐப்பசியில் நடந்தது. மழைக்காலத்தில் பாத்திகள் முழுகிக் கிடக்கும், வேலை இருக்காது என்பதால் அந்த மாதத்தைக் கேட்டு வாங்கினோம். நான்கு மணி நேரம் ஆயிற்று. வார்டுக்கு வந்தபோது மாமாவின் வயிற்றில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், கட்டிலோரம் இரண்டு பைகள். ஒரு பை சிவப்பாக இருந்ததைப் பார்த்து நான் நர்ஸிடம் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர், "ஏம்மா, நீ இங்க இருந்தா எனக்குத்தான் பிபி ஏறுது. கேன்டீன்ல போய் ரெண்டு இட்லி சாப்ட்டு வா" என்றார்.

அந்த ஆறு நாட்களில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டானது. நான் வார்டு வாசலில் நின்று தொண்டையைச் செருமுவேன். அத்தை துண்டை எடுத்துப் பைகளை மூடுவார். பிறகு நான் உள்ளே போவேன். மாமாவுடன் உப்பு வாருகிற இரண்டு பேர் பைக்கில் வந்து, ஒரு தூக்கு நிறைய சங்கரா மீன் குழம்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமா அதைச் சாப்பிடக்கூடாது. குழம்பின் வாசனையாவது பிடிக்கட்டும் என்று அத்தை மூடியைத் திறந்து அவர் அருகே சிறிது நேரம் வைத்திருந்தார்.

எதிர்க் கட்டிலில் கூனிமேட்டு பாய் ஒருவர் இருந்தார். கூனிமேடு எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் மாமாவை "அண்ணே" என்று கூப்பிட்டு உரிமையாகப் பேசுவார். அவருக்கும் அதே நோய்; அறுவை சிகிச்சைக்கு முன்னாலான சோதனைகளுக்காகச் சேர்ந்திருந்தார். "அண்ணே, நமக்கெல்லாம் இப்ப பிளம்பர் வேலதான் நடக்குது" என்று சிரிக்க வைப்பார். மாமாவுக்குச் சிரித்தால் தையல் வலிக்கும். "பாய், சும்மா இருங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

நான்காம் நாள் டாக்டர் சுற்றி வந்தபோது, உடன் தமிழ் தெரிந்த ஒரு பயிற்சி டாக்டரும் இருந்தார். பாய் தன் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சாதாரணக் குரலில் கேட்டார்.

"டாக்டர், ஆபரேஷனுக்கு அப்புறம் எங்க குடும்ப வாழ்க்க எப்படி இருக்கும்? அத சொல்லிட்டு கத்திய எடுங்க."

பயிற்சி டாக்டர் மொழிபெயர்த்தார். வடக்கத்தி டாக்டர், எனக்குச் சொன்ன அதே மூன்றாவது விஷயத்தை, அதே நிதானத்தோடு சொன்னார். அது வரி வரியாகத் தமிழில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் வெட்கமாகவும் இல்லை. பாயின் மனைவி தலையில் போட்ட துணியைச் சரிசெய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு நாள் டைம் குடுங்க. வூட்ல ரெண்டு பேரும் பேசணும்" என்றார் பாய். அன்று மாலையே டிஸ்சார்ஜ் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் என் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

டாக்டர் பேசத் தொடங்கியபோது மாமா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். முடித்தபோது சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் எதையும் கேட்கவில்லை. நான் வாசலில், செருமாமல் நின்றுகொண்டிருந்தேன். நான் அங்கே இருந்தது மாமாவுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் குழாயை எடுத்தார்கள். கசிவு நான்கு மாதம் இருந்தது. அடிவயிற்றுத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மாமா அதை ஒருநாள்கூட விடாமல் செய்தார். தை பிறந்து பாத்திகள் காய்ந்ததும் மெதுவாக வேலைக்குப் போனார். ஆறாம் மாதப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். படித்த மருமகள் இருந்ததால்தான் பிழைத்தார் என்று உறவுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அங்கிருந்து எழுந்து போக வேண்டும்போல இருக்கும்.

மூன்றாம் மாதம் டாக்டர் விடுப்பில் இருந்தார். வேறொருவர் சீட்டை மட்டும் பார்த்து அனுப்பினார். ஆறாம் மாதம் இவர் மறக்காமல் என்னிடம், வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அத்தையிடம் கேட்டேன். அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "ஒன்னும் இல்லன்னு சொல்லு" என்றார். அத்தை என்னிடம் சொன்னார். நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பொய் மூன்று வாய் மாறிப் போய்ச் சேர்ந்தது.

அதற்கு முன்பே மாமா வீட்டில் படுப்பதை நிறுத்தியிருந்தார். உப்புக் குவியலுக்குக் காவல் என்று சொல்லி, மோட்டார் கொட்டகைக்குப் படுக்கையைக் கொண்டுபோய்விட்டார். "உப்ப யாரு திருடப் போறாங்க?" என்று அத்தை ஒரு தடவை கேட்டார். அதன் பிறகு கேட்கவில்லை. அத்தை மெலிந்துபோனார். வாரம் ஒருமுறை வைக்கிற பூவையும் நிறுத்திவிட்டார். காரணம் இருவரில் ஒருவருக்குத்தான் தெரியும் என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் துவைப்பதற்காக மாமாவின் சட்டையை எடுத்தபோது, பையில் மடித்த நோட்டீஸ் ஒன்றும் ஒரு பொடிப் பொட்டலமும் இருந்தன. திண்டிவனம் லாட்ஜ் வைத்தியர் ஒருவருடைய நோட்டீஸ். நில விஷயமாகப் போகிறேன் என்று முந்தின நாள் அவர் திண்டிவனம் போயிருந்தார். இப்படிப்பட்ட பொடிகளில் அளவு தெரியாமல் ஆங்கில மாத்திரையை அரைத்துக் கலந்து விற்பதுண்டு என்று படித்திருக்கிறேன். மாமா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்; இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தைக் குப்பையில் போடத்தான் கை போனது. போட்டால் நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அழுக்குச் சட்டையைத் துவைக்காமலே, எல்லாவற்றையும் பையில் திரும்ப வைத்து ஆணியில் மாட்டினேன். ஒரு மனிதரின் உயிரைவிட அவர் முன்னால் என் முகம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டதா என்று நினைத்து அழுதேன்.

மாமா உப்பளத்துக்குப் போனதும் அத்தையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்ட மாதிரியே, குடும்ப வாழ்க்கை என்றுதான் ஆரம்பித்தேன். நரம்பு, மாத்திரை, ஒன்றிரண்டு வருடம், நான் விட்டுவிட்டது, எல்லாம். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே. இத்தன மாசமா நான் என்னா நெனச்சினு இருந்தேன் தெரியுமா? மூத்திரத் துணி அலசி அலசி எம்மேலயே அவருக்கு அருவருப்பு வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

நான் அவர் காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்ப் பொடியை எடுத்து வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தார். எலி கடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்வாராம்.

"மாமாகிட்ட நான் மன்னிப்பு கேக்கட்டா அத்தை? நீங்க பக்கத்துல இருங்க."

"வேணாம். நீ படிச்சு சொல்லலன்னு தெரிஞ்சா அவரு உன்ன ஒன்னும் சொல்ல மாட்டாரு. உனக்கு இது தெரியும்னு தெரிஞ்சாத்தான், அப்புறம் உன் கையால சோறு வாங்கித் துன்ன மாட்டாரு."

அன்று இரவு அத்தை மாமாவுக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். எப்போதும் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர், அன்று வர வெகு நேரமாயிற்று. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அத்தை ஒன்று மட்டும் சொன்னார்: "மாத்திர இருக்குதாம்னு சொன்னேன். யாரு சொன்னான்னு கேட்டாரு. நர்ஸம்மான்னு சொல்லிட்டேன். டாக்டர் வாயால கேக்கணுமாம்."

அவர் கேட்கத் தயாராகிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன். அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பயிற்சி டாக்டர் படிப்பு முடித்துப் போய்விட்டார். நான் உள்ளே இருந்தால் மாமா வாய் திறக்க மாட்டார். இல்லாவிட்டால் டாக்டர் சொல்வது இருவருக்கும் புரியாது. கணவரிடம் லீவு போட்டு வரச் சொன்னேன். "அப்பாகிட்ட போய் நான் எப்படிப் பேசறது? உசுரு பொழச்சிச்சில்ல, விடேன்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. நானும் அதையே செய்தவள்தானே.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கடிதமாக எழுதி முன்கூட்டியே டாக்டருக்குக் கொடுக்கலாமா, ஆண் நர்ஸ் யாரையாவது வைத்து மொழிபெயர்க்கும்படி கேட்டுக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை. அப்படிச் செய்தால் அன்று நான் பொய் சொன்னதையும் டாக்டரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்; அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் மூலம் கேட்பதைவிட, அத்தையிடம் வார்த்தைகளை முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டு நானே நின்று மொழிபெயர்ப்பது மாமாவுக்குக் கௌரவமாக இருக்குமோ என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. இரண்டில் எதைச் செய்தாலும், செய்த பிறகு மற்றதுதான் சரி என்று எனக்குப் படும். என் சுபாவம் அது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தால், இந்தப் பேச்சை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஆண்கள் எழுதினால் இன்னும் நல்லது. உங்கள் மருமகளுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்தால், அவள் கையால் சாப்பிட முடியுமா என்று மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த மாதம் பரிசோதனைக்குப் போகிறோம். அவர்கள் இருவரும் அந்த அறைக்குள் போகும்போது நானும் போகட்டுமா, வெளியே நிற்கட்டுமா?